மத்தியானத் தூக்கத்தில் நீ மூச்சு விடாத நேரம்

அன்புள்ள அப்பு,

உன் நிச்சயம் முடிந்து வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு நம் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான். உன் அப்பா. அவருடைய அக்கா, உன் புஷ்பம் அத்தை. பக்கத்து வீட்டு கமலா டீச்சர். பெண் வீட்டுத் தட்டுகளைக் கொண்டு வந்து இறக்கிய ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர். ஆறாவது ஆள் நீ. பிரியாணி சாப்பிட்ட கையோடு ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்து, மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டாய். இதை ஏன் பேர் பேராக எழுதுகிறேன் என்றால், "அப்படி ஒண்ணும் நடக்கலம்மா, நீயா எதையாவது கற்பனை பண்ணாத" என்று நீ போனில் சொன்னாய். பாதிப் பேச்சில் சார்ஜ் இல்லை என்று வைத்தும்விட்டாய். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் உன் போனில் சார்ஜ் இல்லை. காகிதத்துக்கு சார்ஜ் தேவையில்லை. அதனால் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

நீ படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு படி மேலே ஏறி, டீச்சர் பேச்சை நிறுத்தும் அளவுக்கு. புஷ்பம் அத்தை சிரித்தாள். "ஏலே, வண்டி கிளம்பிருச்சுடா, ஏறுறவன்லாம் ஏறிக்கங்க!" என்றாள். சேவியர் புது மாப்பிள்ளையைக் கேலி செய்யலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "மச்சான் மேட்டுல ஏத்துறாரு, இப்பத்தான் செகண்ட் கியர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சட்டென்று சத்தம் நின்றது. அத்தை, "அப்பாடா, இப்பத்தான் பிள்ள நிம்மதியாத் தூங்குறான்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏனென்றால் நீ நிம்மதியாகத் தூங்கவில்லை. உன் வாய் திறந்திருந்தது, காற்று போகவில்லை. வயிறு மேலே எழும்பியது, நெஞ்சு உள்ளே போனது. நெஞ்சு எழும்பியது, வயிறு உள்ளே போனது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த ஆள் மாதிரி உடம்பு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. தொண்டையில் கதவு சாத்தியிருந்தது. நான் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தேன். இருபத்தெட்டு. பிறகு "ஹக்" என்று ஒரு சத்தத்தோடு துள்ளி, பாதி புரண்டு, நாலைந்து மூச்சு வேகமாக இழுத்தாய். மறுபடி குறட்டை. மறுபடி ஏற்றம். மறுபடி நிசப்தம். முப்பத்தொன்று.

அரை மணி நேரம் பார்த்தேன். பதினோரு தடவை நின்றது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பதினொன்றையும் விநாடியோடு எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு அதையும் மடித்து அனுப்புகிறேன். கடைசித் தடவை முப்பத்தாறு வரைக்கும் போனது. என்னால் உட்கார முடியவில்லை, உன் தோளைத் தட்டி எழுப்பினேன். கண் சிவந்து எழுந்தாய். சேவியர் முன்னால் என்னைப் பார்த்து, "என்னம்மா, ஆளுங்க இருக்கும்போது..." என்று பல்லைக் கடித்தாய்.

அடுப்படியில் நீ பேசியதையும் எழுதுகிறேன், மறந்திருப்பாய். "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கலாம்." ஏண்டா அப்புறம் என்றேன். "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா வியாதிக்காரன்னு சொல்லுவாங்க. மில்லுல தெரிஞ்சா ஸ்டியரிங்கை விட்டு எறக்கிருவாங்க. ரெண்டும் போச்சுன்னா நீ சோறு போடுவியா?" போடுவேன் என்றேன். அதற்குச் சிரித்தாய். பிறகு ஒன்று சொன்னாய், அதுதான் இரண்டு வாரமாக என்னைத் தின்கிறது. காலை ஷிப்டுக்கு மில் பஸ் எடுக்கும்போது கண் சொக்கும் என்றும், அதற்கு நீயே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாய் என்றும் சொன்னாய். முதல் சீட்டில் ஏறுகிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வா என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். நீ பதில் சொல்லாவிட்டால் அவள், "அண்ணே, ஏண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று கத்துவாளாம். பெரிய சாமர்த்தியம் பண்ணினவன் மாதிரி அதைச் சொன்னாய். அந்தப் பஸ்ஸில் நாற்பது பெண்பிள்ளைகள் ஏறுகிறார்கள் அப்பு. நாற்பது வீட்டில் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த முதல் சீட்டுப் பெண்ணுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய்?

நான் சொல்வதை நீ நம்பாததற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறாய். "நீ பயந்து பயந்து எண்ணுவம்மா. அப்பாவுக்கே தப்பாத்தானே எண்ணுன?" என்றாய். ஆமாம், தப்பாக எண்ணினேன். அந்தக் கதையை நீ அரைகுறையாகக் கேட்டு வைத்துக்கொண்டு என் வாயை அடைக்கிறாய். முழுதாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன் அப்பாவின் குறட்டை எனக்குத் தெரியும். உன் அப்பாயியும் அதை ஒரு பெருமையாகத்தான் சொல்வார், உழைக்கிற ஆம்பளை, அசந்து தூங்குவான் என்று. குறட்டையில் எனக்குத் தூக்கம் வராது. அது நிற்கிற நேரத்துக்காகக் காத்திருப்பேன். நின்றதும் சர்வேசுரனுக்கு நன்றி சொல்லிவிட்டு அவசர அவசரமாகத் தூங்கப் பார்ப்பேன். வியாதி தெரிந்த பிறகு இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன், சாமியார் இது பாவமில்லையம்மா என்றுவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அவர் மூச்சில்லாமல் கிடந்த நேரத்தைத்தான் நான் இத்தனை வருஷமும் எனக்குக் கிடைத்த அமைதி என்று எண்ணியிருந்தேன்.

அப்புறம் லாரி. நீ எட்டாம் வகுப்பு படித்தாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போன உன் அப்பா, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, நேரான ரோட்டில், எதிரே ஒரு வண்டியும் இல்லாத நேரத்தில், லாரியைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் விட்டார். யார் உயிரும் போகவில்லை, அவருக்கு மூன்று விலா எலும்பு முறிந்தது. லாரிக்காரர் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று சொன்னார்: "நேர் ரோட்டுல எவனாவது மரத்துல விடுவானா? ஊத்திருக்கான்மா உன் புருஷன்." நான் மறுத்துப் பேசினேனா? இல்லை. மாதத்தில் ஒருநாள் இரண்டு நாள் அவர் குடிப்பது எனக்குத் தெரியும். அதனால் அன்றும் குடித்தார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். "அப்ப எப்படி?" என்றேன். "தெரியல புள்ள. ரோடு இருந்துச்சு, அப்புறம் மரம் இருந்துச்சு" என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

விலா எலும்பு கூடினதும் அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாம் பூசை முடிந்து ஜனம் கலைவதற்கு முன்னால், பீடத்துக்கு முன் முழங்காலில் நிற்க வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ண வைத்தேன். நீ எனக்குப் பின்னால் ஒட்டி நின்றாய். உன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நான் சொன்னதைச் சொன்னார், சிலுவை போட்டார், எழுந்தார். அதன்பிறகு அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. பூட்டுக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார், அங்கேயும் தூங்குகிறார் என்று அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னைக் குடிகாரன் மகன் என்றார்கள். நீ சண்டை போட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து, அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாய். நானும் உன்னைப் பேசச் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ரத்தக் கொதிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு புது டாக்டர், சின்ன வயசு, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ராத்திரி இவர் எப்படித் தூங்குறாரும்மா? மூச்சு நிக்குதா?" இருபத்தைந்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நிக்கும் டாக்டர், அப்புறம் வரும்" என்றேன், ஏதோ குழாயில் தண்ணீர் வருவதும் நிற்பதும் மாதிரி. எவ்வளவு நேரம் நிற்கிறது, எண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார். விளக்கைப் போட்டால் அவர் விழித்துக்கொள்வார், இருட்டில் கடிகாரம் தெரியாது. அதனால் எனக்குத் தெரிந்த அளவில் எண்ணினேன். மூச்சு நின்றதும் மாதாவுக்குச் சொல்லும் அருள் நிறைந்த மந்திரத்தை ஆரம்பிப்பேன், மூச்சு வந்ததும் நிறுத்துவேன். விடிந்ததும் நோட்டில் எழுதுவேன்: இரண்டு மந்திரம், இரண்டரை, மூன்று. மூன்று மந்திரம் என்று டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இப்ப ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னேன். பதினெட்டு விநாடி. மூன்று என்றால் ஐம்பத்துநாலு என்று கணக்குப் போட்டு, முகம் மாறி, உடனே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்தார்கள். மெஷின் காட்டியது முப்பத்துநாலு, முப்பத்தைந்து. ஐம்பத்துநாலு இல்லை. அங்கே இருந்த ஒரு நர்ஸ்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, பயத்துல மந்திரத்தை ஓட்டிருக்கீங்க." ஆமாம், டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது பதினெட்டு, புருஷன் மூச்சில்லாமல் கிடக்கும்போது பதினொன்று. இதுதான் நான் பண்ணின தப்பு. இதை வைத்துத்தான் நீ என்னைக் கேலி பண்ணுகிறாய். ஆனால் யோசித்துப் பார், நீளத்தில்தான் தவறினேன். நிற்கிறது என்று சொன்னதில் தவறவில்லை. உன் விஷயத்தில் அந்தத் தவறுக்கும் இடம் வைக்கவில்லை. அந்த மத்தியானம் வாய் தானாக மந்திரத்தை ஆரம்பித்தது, அடக்கிக்கொண்டேன். என் பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கும்போது ஜெபிக்காமல் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ நம்ப வேண்டும் என்பதற்காகச் செய்தேன்.

மதுரை டாக்டர் படம் போட்டுக் காட்டியதை உனக்குச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு, கேட்டதை நோட்டில் எழுதி, புரியாத வார்த்தையை டீச்சரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. காற்று இல்லை என்று மூளைக்குத் தெரிந்து அது ஒரு உதை உதைத்து எழுப்புகிறது. முழுசாக விழிக்காததால் உனக்கு ஞாபகம் இருக்காது. ராத்திரி முழுக்க உதை வாங்கினவன் காலையில் எட்டு மணி நேரம் தூங்கினேன் என்பான், தலைவலியோடு எழுவான், பகலில் உட்கார்ந்த இடத்தில் சொக்குவான். மல்லாந்தால் அதிகம், குடித்தால் இன்னும் அதிகம். "நான் ஒல்லிம்மா, அது குண்டாளுங்களுக்கு வர்றது" என்று நீ சொன்னதற்கும் பதில் இருக்கிறது. உன் அப்பாவும் அன்றைக்கு ஒல்லிதான். தாடை உள்வாங்கி இருந்தாலும் வரும் என்றார் டாக்டர். நீ தாடி வளர்த்து மறைத்து வைத்திருக்கிறாயே, அந்தத் தாடை அப்பாவுடையது.

ராத்திரி மூக்கில் குழாய் வைத்து, காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற மெஷினை அவர் மாட்டுவது உனக்கு வேடிக்கையாக இருக்கிறது. யானை என்று கூப்பிடுகிறாய். முதல் வாரம் அவரும் பிடுங்கித்தான் எறிந்தார். இரண்டாவது வாரம் ஒரு காலையில் எழுந்து, கட்டிலில் உட்கார்ந்து, "ஏ புள்ள, வெளிச்சம் இப்படித்தான் இருக்குமா?" என்றார். இப்போது பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். பூசையில் தூங்குவதில்லை. "இம்புட்டு வருஷமா சாமியார் இம்புட்டு நீளமாவா பேசுனாரு? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று குறைப்படுகிறார். கரண்ட் போகிற ராத்திரி மட்டும்தான் கஷ்டம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, நான் விழித்திருப்பேன்.

இப்போது நான் சொல்லப்போவதை உன் அப்பா சொல்லச் சொன்னார். நீ ஊருக்குப் போன மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றில் கையை வைக்கவில்லை. "அவனுக்கு எழுது. அன்னைக்கு நான் குடிக்கலன்னு எழுது" என்றார். "அவனுக்குத் தெரியாதா?" என்றேன். "யாரு சொன்னா?" என்றார். நினைத்துப் பார்த்தால் யாரும் சொல்லவில்லை. நீ பல்லடத்து மில்லில் வேலைக்குப் போன பிறகுதான் வியாதி தெரிந்தது. அப்பாவுக்குக் குறட்டை வியாதி, மெஷின் வாங்கியிருக்கிறோம் என்று உனக்குப் போனில் சொன்னேன், அவ்வளவுதான். அன்றைக்கு மதுரை டாக்டர் "எப்பவாவது வண்டி ஓட்டும்போது தூங்கிருக்காரா?" என்று கேட்டார். எனக்குப் புளியமரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கே தெரியலயே, உனக்கு எப்படித் தெரியும்" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நீ இன்னும் அவரைக் குடித்துவிட்டு லாரியை விட்டவர் என்றுதான் நினைத்திருக்கிறாய். நீ ஒரு சொட்டுத் தொடாதவன், அதனால் உனக்கு அது வராது என்று தைரியமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாய். அவரும் அன்று ஒரு சொட்டுத் தொடவில்லை அப்பு. நல்ல புத்தியோடு, நேர் ரோட்டில், விடிந்த வெளிச்சத்தில் தூங்கிப்போனார். சபைக்கு முன்னால் அவரை மண்டியிட வைத்தவள் நான். அந்தப் பழியை அவர் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் எழுதிக்கொள்.

போன ஞாயிறு உங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, கோவிலில் வாசித்தார்கள். உன் பெயர், ஸ்டெல்லா பெயர், இரண்டு பேருடைய பங்குக் கோவிலின் பெயர். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது எனக்கு வியர்த்தது. இந்த வியாதி தடை இல்லை, தெரியும். மறைத்துக் கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. எனக்கு யாரும் சொல்லாததால் இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்து ஒன்றும் தெரியாமல் இருந்தேன். ஸ்டெல்லா நர்ஸிங் படித்த பெண். கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள், அதோடு நீ தெரிந்தே மறைத்ததையும் கண்டுபிடிப்பாள். முதலாவதை அவள் பார்த்துக்கொள்வாள், இரண்டாவதுக்கு எந்த மெஷினும் இல்லை. உன் முதுகுக்குப் பின்னால் நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. நீ சொல்ல வேண்டியது, நீயே சொல். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். அதையும் இப்போதே தெரிந்துகொள்.

மில்லில் இறக்கிவிடுவார்கள் என்கிறாய். மெஷின் மாட்டித் தூங்கி, தூக்கம் சரியானதும் டாக்டர் சொன்னால் திரும்ப ஓட்டலாம். அதுவரைக்கும் ஸ்டோரில், கேட்டில், எங்கேயாவது வேலை கேள். கொடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு வா. சோறு போடுவேன் என்று அடுப்படியில் சொன்னது கோபத்தில் சொன்னது இல்லை.

மதுரையில் அடுத்த வாரம் வியாழக்கிழமை ராத்திரிக்கு உன் பெயரில் ஒரு படுக்கை சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபித்துக்கொள். உன் அப்பா மத்தியானமே போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். ராத்திரி ஒயரோடு படுக்கிறது புதுசாக இருக்கும், பக்கத்தில் தெரிந்த ஆள் இருந்தால் பயம் இருக்காது என்று அவரே சொன்னார். நீ வராவிட்டால் அவர் விடியும் வரை நின்றுவிட்டுத் திரும்பி வருவார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து காலை ஷிப்டு பஸ்ஸை எடுக்காதே. வியாழக்கிழமை வருகிறாயா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல். போனில் சொன்னாலும் சரி, ஒரு கார்டில் ஒரு வரி எழுதினாலும் சரி.

அம்மா